பத்தாவது பொட்டு

ஆல்டர்பரி ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டுகிறவர்களை மேற்பார்க்கும் வெளிக்காட்டுக் கிராணி தங்கராஜுவுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு. பொட்டுக் கிராணி. அது அவருக்கும் தெரியும். பெயர் வைக்கிற அளவுக்குப் பயப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

பெயர் வந்த கதை இதுதான். சாயங்காலம் காட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கையில் ஒரு சின்ன மஞ்சள் பெயிண்டு டின்னோடு போவார். இருபது மரத்துக்கு ஒரு மரம் என்று பொறுக்கி, மறுநாள் பால் கத்தி ஓட வேண்டிய கோட்டின் மேல் ஈர்க்குச்சியால் ஒரு பொட்டு வைப்பார். மறுநாள் பொட்டு சீவப்பட்டிருந்தால் மரம் வெட்டியாயிற்று. பொட்டு அப்படியே இருந்தால் அந்த நிரையை, அதாவது மர வரிசையை, வெட்டுகிறவர் மரத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். அவருக்கு அன்று அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். ஆரம்பத்தில் வாரத்துக்கு நாலைந்து பேர் அகப்பட்டார்கள். இப்போது வருஷத்துக்கு ஒருவர்கூட இல்லை. பொட்டு பொய் சொல்லாது என்று தங்கராஜு, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் தீபாவளிக்கு முன்னால் அவர் ஒரு புது மோட்டார் வாங்கினார். முன்னால் டாங்கி உள்ள நூறு சி.சி. வண்டி. சாதாரணக் கிராணிமார் ஓட்டுகிற கப்சாய் என்ற சின்ன மோட்டாரில் அவர் ஏறுவதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து, டாங்கியின் பெட்ரோல் மூடி நடுவில் தன் கையாலேயே சந்தனம் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பார். பழைய சந்தனத்தை உதிர்க்கக் கூடாது, அதன் மேலேயே புதியது வைக்க வேண்டும் என்பது அவருடைய சொந்தச் சாஸ்திரம். நாலு மாதத்தில் அது ஐம்பது காசு கனத்துக்கு ஏறி, தொலைவிலிருந்து பார்த்தால் மூடிக்கு ஒரு மூக்கு முளைத்த மாதிரி இருந்தது.

அந்த மோட்டார்தான் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவரை நடுவழியில் இறக்கிவிட்டது. நடுவழி என்றாலும் பரவாயில்லை. பால் நிறுக்கும் கொட்டகைக்கு எதிரே, அறுபது பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்கும்போது. முதலில் ஒரு இருமல், பிறகு ஒரு விக்கல், பிறகு ஒன்றுமில்லை. தங்கராஜு உதைத்தார். மறுபடி உதைத்தார். தொப்பி கீழே விழுந்தது.

"அவருக்கு அரைப் பேர் போடுங்கடி," என்றாள் வரிசையில் நின்ற வள்ளியம்மா, யாரையும் பார்க்காமல். "பாதி நிரையிலயே நின்னுட்டாரு."

வரிசை முழுக்கத் தலை குனிந்து சிரித்தது. தங்கராஜு பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார், மூடினார், உதைத்தார். வண்டி கிளம்பிவிட்டது. ஒன்றும் நடக்காதது போலப் போனார். ஆனால் அன்றிலிருந்து அவர் காது வண்டியை விட்டு நகரவில்லை. சோறு தின்னும்போதும் அந்த இருமல் கேட்டது. கிளம்புவதற்கு முன் ஒரு தரம், பாதியில் ஒரு தரம், இறங்கியபின் ஒரு தரம் குனிந்து இஞ்சினை முறைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

காரணம் வள்ளியம்மாவின் வாய் மட்டுமல்ல. மூன்று வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, கம்பெனியின் விசிட்டிங் ஏஜெண்டு, வி.ஏ. துரை, வருகிறார். வருஷத்துக்கு ஒரு தரம் வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டு யாருக்கு உயர்வு என்று முடிவு செய்கிறவர். கிராணிமாருக்கெல்லாம் மேலான சீனியர் கண்டக்டர் வேலை ஒன்று காலியாக இருந்தது. வி.ஏ. ஏறிவரும் ஜீப்புக்கு முன்னால் மோட்டாரில் போய்ப் பத்தொன்பதாம் நம்பர் காட்டுக்கு வழிகாட்ட வேண்டியவர் தங்கராஜு. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டைச் சுற்றி ஏழு கட்டை, அதாவது ஏழு மைல் தூரம். மோட்டார் நிற்பதும் சரியாக அந்த ஏழாவது கட்டைப் பக்கம்தான். நடுவில் நின்றால், பின்னாலிருந்து முந்தி வந்து வழிகாட்ட இரண்டாவது டிவிஷன் கிராணி பாலகிருஷ்ணன் தயாராக இருந்தான். இருபத்தெட்டு வயது. சொந்தமாகக் கார் வேறு.

திங்கட்கிழமை தங்கராஜு கோலசிலாங்கூருக்குப் போனார். டவுனிலேயே பெரிய இடம் துரைசிங்கம் மோட்டார் ஏஜென்சி. பொதுப்பணி இலாகாவில் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற துரைசிங்கம், இலாகாவையே வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரி கடையை நடத்தினார். சுவரில் ஏழு சர்டிபிகேட், கண்ணாடி போட்டு. அதில் ஒன்று அவர் ஐம்பத்திரண்டில் எழுதிய சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு உரியது. அது மோட்டாருக்கு என்ன செய்யும் என்று யாரும் கேட்டதில்லை. வேலை நடக்கும் இடம் ஒரு கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவில் மூன்று மொழியில் உள்ளே வராதே என்று எழுதியிருந்தது.

பன்னிரண்டு அம்சம் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து, பன்னிரண்டுக்கும் ஒரே இழுப்பில் சரி போட்டார் துரைசிங்கம். பிறகு சர்வீஸ் புத்தகத்தில் ஊதா நிற முத்திரை. முட்டை வடிவம், நடுவில் ஒரு சிறகு. முத்திரையைக் கண்டால் தங்கராஜுவுக்குப் பாதிக் கவலை இறங்கிவிடும். திரும்பும் வழியில் வண்டி ஏழாவது கட்டையில் நின்றபோது, இறங்கிய பாதியும் ஏறிக்கொண்டது.

அன்றிரவு தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். அவர் மனைவி லீலாவதி, "என்ன, வயித்து வலியா?" என்றாள்.

"பெயிண்டு டின் எங்க?"

விடிந்ததும் வண்டியின் கீழ் படுத்துப் பத்துப் பொட்டு வைத்தார். எண்ணெய் வடிக்கிற போல்ட்டில் ஒன்று, பிளக்கில் ஒன்று, காற்று வடிகட்டி மூடியில், கார்ப்பரேட்டர் திருகில், சங்கிலி நட்டில். பாதிப் பொட்டு போல்ட்டின் மேல், பாதி அதை ஒட்டிய இரும்பின் மேல். யாராவது போல்ட்டைத் திருகினால் பொட்டு உடையும். பதினோரு வருஷ அனுபவம்.

இந்தத் தடவை துரைசிங்கத்திடம் "முழு சர்வீஸ்" என்று அழுத்திச் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, முத்திரையோடு வண்டியை வாங்கிக்கொண்டு நேரே மெலாவத்தி மலையடிவாரத்துக்குப் போனார். அங்கே ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மரத்திலிருந்து ஒரு குரங்கும் இறங்கி வந்து கூடவே குனிந்து பார்த்தது. பத்துப் பொட்டும் வைத்தது வைத்தபடி இருந்தன.

திரும்பிப் போய் நின்றார்.

"பொட்டோ?" என்றார் துரைசிங்கம், கண்ணாடியைக் கழற்றி. "என்ன பொட்டு?"

தங்கராஜு விளக்கினார். துரைசிங்கம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"தம்பி, இஞ்ச இரும். கழற்றின போல்ட்டை ஒரு மயிரிழை பிசகாமல் பழைய இடத்திலயே பூட்டினபடியாத்தான் உம்மட பொட்டு குலையேல்லை. அதுதான் கம்பெனி ட்ரெயினிங். வேற இடமெண்டால் குலைஞ்சிருக்கும்."

தங்கராஜு சர்வீஸ் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தோட்டத்தில் அகப்பட்ட ஒருவனும் பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு பதில் சொன்னதில்லையே என்று அவருக்கு லேசான மரியாதைகூட வந்தது.

அடுத்த திங்கள் தஞ்சோங் காராங். அங்கே ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடை. சர்டிபிகேட் இல்லை, சாமி மாடம் ஒன்றும் ஒரு பூனையும் இருந்தன. "நாளைக்கு வா கிராணி," என்றார் தவுக்கே. மறுநாள் போனபோது வண்டி ஷோரூமிலிருந்து வந்தது போல நின்றது. "எல்லாம் பெரெஸ், முடிஞ்சுது. புதுசு மாதிரிலா."

தங்கராஜு குனிந்து பார்த்தார். பத்துப் பொட்டும் இல்லை. ஒன்றின் சுவடுகூட இல்லை. பத்தையும் திறந்திருக்கிறான். ஒன்றைக்கூட விடவில்லை. மூடியில் இருந்த சந்தனத்தைக்கூடச் சோப்புப் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டிருந்தார்கள், அதை மன்னித்தார்.

வண்டி செவ்வாய் ஓடியது, புதன் ஓடியது, வியாழன் ஓடியது. தங்கராஜு ஆபீசில் பார்த்தவரிடமெல்லாம் தஞ்சோங் காராங் புகழ் பாடினார். ஒரு கூடை வாழைப்பழம் கொண்டுபோய்த் தவுக்கேயிடம் கொடுத்தார். தவுக்கே எதற்கு என்று தெரியாமலே வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை சந்தோஷ மிகுதியில் சந்தனத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாக அப்பினார்.

சனிக்கிழமை ஒத்திகை. மானேஜர் தன் ஜீப்பில் பின்னால் வர, தங்கராஜு முன்னால் போனார். செம்பனைக் காட்டின் கடைசித் திருப்பத்தில் ஒரு இருமல். ஒரு விக்கல்.

மானேஜர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார். "வெள்ளிக்கிழமையும் இப்படித்தானா, தங்கராஜு? பாலகிருஷ்ணனிடம் சொல்லி வைக்கட்டுமா?"

"வேணாம் சார். சரி பண்ணிடுறேன்."

"புதன் சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்."

ஞாயிறு, திங்கள், செவ்வாய் அவர் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. யார் எந்த வெர்க்ஷாப் பெயரைச் சொன்னாலும் எழுதிக்கொண்டார். ரவாங்கில் ஒன்று, கலும்பாங்கில் யாரோ ஒருவர், பாகான் நக்கோடா ஓமாரில் படகு இஞ்சின் பார்க்கிறவன் ஒருவன் மோட்டாரும் பார்ப்பானாம்.

"சுளுக்கு எடுக்கிறவனத் தேடுற மாதிரி ஊர் ஊராத் திரியிறீங்க," என்றாள் லீலாவதி. "நல்லவன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"பொட்டு இருக்குல்ல."

"தஞ்சோங் காராங்லயும் இருந்துச்சே."

அவர் பெயிண்டு டின்னை எடுத்தார். மறுபடி பத்துப் பொட்டு வைத்தார்.

புதன்கிழமை காலை, கிள்ளானில் ஒரு பெரிய கடை இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினார். ஜெராமைத் தாண்டி, சுங்கை செம்பிலாங் சாலை பிரிகிற இடத்தில் வண்டி நின்றது. எதிரே ஒரு தகரக் கொட்டகை. அதிகாரம் பெற்ற ஏஜெண்டு என்று மோட்டார் கம்பெனி கொடுத்த போர்டு வாசலில் இல்லை. பக்கத்தில் மழைச் சாரல் அடிக்கிற இடத்தில் மறைப்பாக, தலைகீழாக ஆணி அடித்து நிறுத்தியிருந்தது. உள்ளே ஒரு ஆள் தரையில் உட்கார்ந்து சக்கரத்துக்குக் கம்பி போட்டுக்கொண்டிருந்தான்.

தங்கராஜு வழக்கப்படி மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், உதைத்தார். வண்டி கிளம்பியது.

"ஐயா," என்றான் அந்த ஆள் உட்கார்ந்தபடியே. "எப்பவும் இப்படித்தானா? மூடியத் தொறந்துட்டு ஒதைச்சா வருதா?"

தங்கராஜு யோசித்தார். எப்பவும் அப்படித்தான். இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"அணைச்சுட்டு உள்ள கொண்டாங்க."

ஆள் எழுந்து வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். மூடியைப் பார்த்தான். மேலே உலர்ந்திருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"சாமி கும்பிட வேண்டியதுதான். மூடிக்கு மூச்சு வேணுமில்ல."

"என்ன?"

"நடுவுல ஊசித் துவாரம் ஒண்ணு இருக்கு. பெட்ரோல் எறங்க எறங்க அந்த வழியாத்தான் காத்து உள்ள போவணும். நீங்க அடைச்சு வச்சிருக்கீங்க. ஏழெட்டு கட்டை ஓடினதும் பெட்ரோல் எறங்காது. மூடியத் தொறந்தா காத்து போயிடும், வண்டி வந்துடும்." ஒரு ஊசியை எடுத்துக் குத்தினான். சந்தனம் ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. "அவ்வளவுதான்."

தங்கராஜு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். செவ்வாய், புதன், வியாழன் ஓடியது, வெள்ளி சந்தனம், சனி நின்றது. சோப்புப் போட்டுத் தேய்த்ததை மன்னித்தோமே, அதுதான் வைத்தியம். ஊதா முத்திரை, வாழைப்பழக் கூடை எல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்து போயின.

அதற்குள் அந்த ஆள் குனிந்து வண்டியின் கீழே பார்த்துவிட்டான். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஆல்டர்பரியா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"தொப்பி இல்லாம மூஞ்சி பிடிபடல. இந்த மஞ்சளத் தெரியாதா?" என்றான். "நான் அப்பளசாமி. பன்னிரண்டாம் நம்பர் காட்டுல ஆறு வருஷம் மரம் வெட்டினேன். எனக்கு மூணு தடவ அரைப் பேர் போட்டீங்க."

தங்கராஜுவுக்கு முகம் நினைவில்லை. நிறையப் பேருக்குப் போட்டிருந்தார். "மூணு தடவைக்குப் பொறகு திருந்திட்டியே," என்றார், சமாளிக்கிற குரலில்.

"திருந்தலை. கத்துக்கிட்டேன்." அப்பளசாமி துணியில் கையைத் துடைத்தான். "ஆளுக்கு ஐநூறு மரம் கொடுத்தீங்க. கால் ரெண்டுதான் இருக்கு. அதனால ஒரு முப்பது மரத்த விட்டுடுவோம். விடுற மரத்துல பொட்டு இருந்தா, பொட்ட மட்டும் நகத்தளவு சீவிட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம். ரெண்டு விநாடி வேலை."

"எல்லாருமா?"

"எங்க அம்மா அன்னம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அவங்களே சீவுவாங்க."

தங்கராஜு தெருவைப் பார்த்தார். ஒரு மீன் லோரி போயிற்று. தஞ்சோங் காராங்கில் பத்துப் பொட்டும் எப்படிக் காணாமல் போயின என்பது, கேட்காமலே அவருக்கு விளங்கிவிட்டது. மண்ணெண்ணெயும் துணியும் போதும்.

"அந்தத் துவாரத்தோட வேலை முடிஞ்சுது," என்றான் அப்பளசாமி. "ஆனா எண்ணெய் தார் மாதிரி இருக்கு. பிளக் கருகியிருக்கு. சங்கிலி தொங்குது. வாங்கினதுலேர்ந்து யாரும் தொட்டதாத் தெரியல."

"ரெண்டு முத்திரை இருக்கு."

"புத்தகத்துல இருக்கும். இஞ்சின்ல இல்ல." அவன் ஒரு துணியையும் மண்ணெண்ணெய்க் குப்பியையும் நீட்டினான். "நான் பாக்கணும்னா இந்தப் பொட்டையெல்லாம் நீங்களே துடைச்சிடுங்க. சந்தேகப்பட்டுட்டு நிக்கிற வண்டிய நான் தொடுறதில்ல. இல்லாட்டி இப்பவே ஓட்டிட்டுப் போங்க. வெள்ளிக்கிழமைக்குத் தாங்கும். அதுக்கு அப்புறம் எனக்குத் தெரியாது."

ஆல்டர்பரியின் வெளிக்காட்டுக் கிராணி, கஞ்சி போட்ட காற்சட்டையோடு, தான் அரைப் பேர் போட்டவனின் கடையில் மண்டி போட்டு உட்கார்ந்து மஞ்சள் பொட்டைத் துடைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அப்பளசாமி சக்கரத்துக்குக் கம்பி போடுவதில் கவனமாக இருந்தான். ஒன்பது துடைத்தார். பத்தாவது, இஞ்சினுக்கு அடியில், எண்ணெய் போல்ட்டில் இருந்தது. கை அதுவரை போயிற்று. அங்கேயே நின்றது. பதினோரு வருஷத்துப் பழக்கம், கை திரும்பிவிட்டது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

எதிரே சாலையோரத்து ஒட்டுக் கடையில் மூன்று கோப்பி குடித்தார். ஒவ்வொரு கோப்பிக்கும் இடையே எழுந்து சாலையின் இந்தப் பக்கமிருந்து கொட்டகையை எட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். கடைக்காரி, "யாரையாவது தேடுறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். மூன்று மணிக்கு அப்பளசாமி கையசைத்தான்.

காசு கேட்டது குறைவு. முத்திரை கேட்டால் எங்கேயோ கிடக்கிறது என்றான். தங்கராஜு ஒரு கட்டை தூரம் போனதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு கீழே குனிந்தார்.

பத்தாவது பொட்டு துடைக்கப்படவில்லை. இரண்டாக உடைந்திருந்தது. இரும்பில் இருந்த பாதி அங்கேயே இருந்தது. போல்ட்டில் இருந்த பாதி கால் சுற்றுத் தள்ளிப் போய் நின்றது. அவனும் அதைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, துடைக்காமல், அவருக்கென்று விட்டு வைத்திருக்கிறான்.

தங்கராஜு நிமிர்ந்து, மூடியைத் திறக்காமலே வண்டியை உதைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை சந்தனக் கிண்ணத்தோடு வந்தவரின் கை தானாக மூடிக்குப் போயிற்று. வாசலில் நின்ற லீலாவதி இருமினாள். கை திரும்பி, முன் விளக்கின் மேல் வைத்தது.

ஏழு கட்டையும் அவர் மூச்சு விடவில்லை என்றே சொல்ல வேண்டும். மோட்டார் விட்டது. கடைசித் திருப்பம் வந்தது, போயிற்று. பின்னால் மானேஜரின் ஜீப், அதற்குள் வி.ஏ. துரை, அதற்கும் பின்னால் காரில் பாலகிருஷ்ணன், தூசியைத் தின்றபடி.

பத்தொன்பதாம் நம்பர் காட்டில் பால் எடுத்து முடிந்த நேரம். பால் பிடிக்கும் மங்குகள் கவிழ்ந்திருந்தன. "இவரிடம் ஒரு ஏற்பாடு இருக்கிறது," என்றார் மானேஜர் பெருமையாக. பொட்டுக் கதையைச் சொன்னார்.

வி.ஏ. துரைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு மரத்தருகே போய்க் கைத்தடியால் தொட்டார். "இதில் பொட்டு வைத்தீர்களா?"

தங்கராஜு பார்த்தார். கோட்டின் நடுவில் நகத்தளவு புதுச் சீவல். அந்த நகத்தளவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பட்டை காய்ந்து, நேற்றைய நிறத்திலேயே இருந்தது. பொட்டு வைத்த அடுத்த மரத்தைப் பார்த்தார். அதற்கடுத்ததைப் பார்த்தார். பதினோரு வருஷமாக இப்படித்தான் இருந்திருக்கிறது. அவர் பொட்டைத்தான் தேடினார், மரத்தைப் பார்த்ததில்லை. பத்தடி தள்ளி வாளியோடு நின்ற வள்ளியம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வைத்தேன் சார்."

"இப்போது இல்லையே."

"இல்லை சார்."

"பிரமாதம்," என்றார் வி.ஏ. துரை.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. தங்கராஜு சீனியர் கண்டக்டர். அதோடு, கம்பெனியின் ஆறு தோட்டங்களிலும் பொட்டு முறை கொண்டுவரப்பட வேண்டும்; சபாக் பெர்ணாம் பக்கத்திலிருந்து கலும்பாங் வரைக்கும் போய் எல்லாக் கிராணிமாருக்கும் அவரே கற்றுக்கொடுக்க வேண்டும்; மஞ்சள் பெயிண்டு தலைமை ஆபீசிலிருந்து வரும். அவர் போனார். கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டினார். பொட்டு பொய் சொல்லாது என்று ஆறு தோட்டத்திலும் சொன்னார். சொல்லும்போது மட்டும் தொண்டையைச் செருமிக்கொள்வார். மோட்டார் ஒரு தரம்கூட நிற்கவில்லை.

மூன்று மாதம் கழித்து சர்வீசுக்கு ஜெராம் போனார். வண்டியை விட்டுவிட்டு ஒட்டுக் கடைக்குப் போய் ஒரே ஒரு கோப்பி குடித்தார். எழுந்து பார்க்கவில்லை. ஒரு தரம்தான் எழுந்தார். அதையும் மழை வருகிறதா என்று பார்க்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு மணி, மூன்று மணி. நாலரைக்குத்தான் அப்பளசாமி கையசைத்தான்.

"ஏன் இவ்வளவு நேரம்? போன தடவையைவிட லேட்டு."

அப்பளசாமி முழங்காலில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்தான். முழங்கை வரைக்கும் கறை.

"வேலை ரெண்டு மணிக்கே முடிஞ்சுடுச்சுலா. இந்தத் தடவ பொட்ட எங்க வச்சீங்க?"

"வைக்கலையே."

அப்பளசாமி அவரை நம்பாமல் பார்த்தான்.

"ரெண்டரை மணி நேரமாத் தேடிக்கிட்டிருக்கேன்," என்றான்.